எங்கள் பனிக்காலப் பூ

மேனாடுகளில் பனிக்காலம் முடியுமுன்னே, உறைபனியை விலக்கித் தலைகாட்டும் வெண்ணிற மலர் ஸ்னோட்ராப். பிப்ரவரி 2-ஆம் நாள், ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த திருநாளையொட்டிப் பூப்பதால், 'மெழுகுதிரித் திருநாள் மணி' என்றும் அதனை அழைப்பர். அதன் கிழங்குக்கு நீண்ட குளிர் வேண்டும். வேலூர் வெயிலில் அது பிழைக்காது.

நமக்கும் ஒரு பனிக்கால மலர் உண்டே, தோழியரே! அதுதான் டிசம்பர் பூ. கனகாம்பரத்தின் உறவு, ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு என நிறங்கள் பல. மணமில்லை, ஆயினும் மார்கழிப் பனியில் செடி கொள்ளாமல் பூக்கும். குச்சியை ஒடித்து நட்டாலே வேர்விடும்.

ஆனால் நல்ல நீர் வேண்டுமே! தோல் பதனிடும் கழிவுகளால் பாலாற்றுப் பகுதியில் பல கிணறுகள் உப்பாகிவிட்டன. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்து, 2025 ஜனவரியில் மீண்டும் வலியுறுத்தியது. உப்பு நீரில் இளஞ்செடியின் இலையோரம் கருகும். ஆதலால் விரிஞ்சிபுரத்தில் நாங்கள், விடுதியில் அரிசி களைந்த நீரையும் சேமித்த மழைநீரையும் முறைவைத்து ஊற்றினோம்.

மார்கழியில் செடிகள் பூத்தன. முதற்சரத்தை மாதா கெபிக்குச் சூட்டினோம். ஒரு குடம் நல்ல நீரின் அருமையை அப்பூக்களே எங்களுக்குக் கற்பித்தன. பாலாறும் ஒருநாள் தெளியட்டும்!