முதல் வகுப்பு ஆசிரியர்க்கு வேண்டும் படிப்பு

போடிநாயக்கனூரிலிருந்து மலைப்பாதையில் ஏறிப் போடிமெட்டைக் கடந்து மூணாறு நோக்கிச் செல்வோர், பூப்பாறைக்கு அப்பால் ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தைக் காண்பர். அதற்கு அணித்தே, தேயிலைச் சரிவுகளும் பாறை முகடுகளும் சூழ அமைந்த ஊர் சின்னக்கானல். கேரள மாநிலத்து இடுக்கி மாவட்டத்தில் உடும்பன்சோலை வட்டத்தைச் சேர்ந்தது. மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து மலையேறிய தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் இம்மலைத் தோட்டங்களின் லயங்களில் இன்றும் வாழ்கின்றனர். தாய்மார் கொழுந்தெடுக்கப் புறப்படும் வேளையில் பிள்ளைகள் தொடக்கப் பள்ளிக்குப் புறப்படுவர். அத்தகைய பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் பணியில் நம் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது.

‘ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்லப் பெரிய படிப்பு எதற்கு?’ என்று கேட்போரைப் பன்முறை சந்தித்திருக்கிறோம். கேட்டவர்களுள் கற்றவரும் உண்டு. மேல் வகுப்பு ஆசிரியர்க்கு ஆழ்ந்த புலமை வேண்டும், கீழ் வகுப்பு ஆசிரியர்க்குப் பொறுமை மட்டும் போதும் என்பது அவர்தம் கருத்து. பொறுமை வேண்டுவதே, ஆயின் அது மட்டும் போதாது என்பதனை நாம் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த முதல் திங்களிலேயே உணர்ந்தோம்.

அந்நாளில் டி.டி.சி. என்று வழங்கிய அப்பயிற்சி ஈராண்டுக் காலத்தது. இன்று அது தொடக்கக் கல்விப் பட்டயம் என்னும் பெயர் பூண்டு விளங்குகிறது. குழந்தை உளவியல், கல்விக் கோட்பாடு, மொழி கற்பிக்கும் முறை, கணக்குக் கற்பிக்கும் முறை எனப் பாடங்கள் பலவாயின. ஹெர்பார்ட் என்னும் ஜெர்மானிய அறிஞரின் வழிவந்த ஐந்து படிகளையும் மனனம் செய்தோம்: ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடல், பொதுமை காணல், பயன்படுத்தல். விரிவுரைகள் பெரும்பாலும் மலையாளத்தில் நிகழும். அவற்றைக் கேட்டுத் தமிழில் குறிப்பெழுதிக் கொள்வோம். இரவில் விடுதி விளக்கடியில் அமர்ந்து, ‘தூண்டல்’, ‘எதிர்வினை’, ‘வலுவூட்டல்’ என்று கலைச்சொல் தேடியதும் ஒரு கல்வியே.

ஆயினும் உண்மைப் பயிற்சி, கற்பித்தல் பயிற்சிக்கெனப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட நாளில்தான் தொடங்கிற்று. தோட்டத்துப் பள்ளியொன்றில் முதல் வகுப்புக்கு யானைப் படத்தைக் காட்டி, ‘இது என்ன?’ என வினவினோம். ‘ஆனை, சார்!’ என்று வகுப்பே முழங்கிற்று. பாடநூலில் இருப்பதோ ‘யானை’. பின்வரிசையில் அமர்ந்து நம் பாடத்தைக் கண்காணித்த முதிய ஆசிரியை ஒருவர், இடைவேளையில் நம்மை அழைத்துச் சொன்ன அறிவுரை இன்றும் செவியில் ஒலிக்கிறது. “பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவந்த சொல்லைத் தவறென்று சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள். முதலில் ‘ஆனை’ என்றே எழுதிக் காட்டுங்கள். நம் ஏரிக்கே அப்பெயர்தானே இருக்கிறது? பிறகு, ‘புத்தகத்தில் யானை என்று எழுதுவார்கள்’ என்று சொல்லுங்கள். பக்கத்து வீட்டு மலையாளப் பிள்ளை ‘ஆன’ என்பான். மூன்றும் ஒரே விலங்கு என்று தெரிந்துகொண்டால், அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு மூன்று பாடம்.”

வீட்டு மொழியிலிருந்து ஏட்டு மொழிக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் வழியை அறிவதே முதல் வகுப்பு ஆசிரியர்க்குரிய புலமை என்பது நம் துணிபு. கணக்கிலும் இவ்வாறே. மாங்காயை வைத்துக் கூட்டல் கழித்தல் நடத்தினோம்; சில முகங்களில் தெளிவில்லை. தாய் எடுத்த கொழுந்து 30 கிலோ, சித்தி எடுத்தது 25 கிலோ என்றதும், “அம்மா அஞ்சு கிலோ கூட எடுத்துச்சு!” என்று விடை பறந்து வந்தது. தராசு முள்ளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். தோட்டத்தை அறிந்த ஆசிரியர்க்கு அக்கணக்கு எளிதிற் கைவரும். அறியாதார்க்கு அதனைப் பயிற்சி கற்பித்தல் வேண்டும்.

இரண்டு வகுப்புகளை ஓர் அறையில் வைத்து நடத்தும் நிலையும் மலைப்பள்ளிகளில் உண்டு. இதனைக் குறையென்றே யாவரும் கருதுவர். ஆயின் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்குப் பயிற்சி வகுப்பு நடத்த வந்து, இரண்டாம் உலகப் போர் மூண்ட காரணத்தால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தபோது, நமக்கு அண்டை மலையாகிய கொடைக்கானலில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். அங்குப் பல வயதுப் பிள்ளைகளை ஒருங்கே வைத்துக் கற்பிக்கும் முறையை மேலும் வளர்த்தார். மூத்த பிள்ளை இளையதற்குச் சொல்லிக் கொடுக்கும்போது இருவருமே கற்கின்றனர் என்பது அம்முறையின் உயிர்நிலை. இம்முறையறிந்த ஆசிரியரின் கையில் அவ்வோரறைப் பள்ளியும் சிறக்கும்.

இனி, இப்படிப்பைப் பற்றி நாடு கொண்டுள்ள கருத்தைக் காண்போம். 2010ஆம் ஆண்டின் தேசிய ஆசிரியர் கல்விக் குழும அறிவிக்கையின்படி, தொடக்க வகுப்பு ஆசிரியர்க்கு மேல்நிலைக் கல்வியோடு ஈராண்டுப் பட்டயமும் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். கேரளத்துத் தகுதித் தேர்வு 150 வினாக்கள் கொண்டது; அதன் மொழிப் பகுதியில் தமிழையும் தேர்ந்து எழுதலாம். பி.எட். பட்டம் பெற்றோரும் தொடக்க வகுப்புக்கு வரலாம் என 2018இல் வந்த அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டு 11ஆம் நாள் செல்லாதென்றது. சிறு பிள்ளைகட்குக் கற்பித்தல் தனித்திறன் வேண்டும் கலை என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையோ, 2030ஆம் ஆண்டுக்குள் ஆசிரியப் பணிக்கு நான்காண்டு ஒருங்கிணைந்த பட்டமே குறைந்த தகுதியாதல் வேண்டும் என்கிறது. பின்லாந்து நாட்டில் 1979 முதல் தொடக்க வகுப்பு ஆசிரியர்க்கு முதுகலைப் பட்டமே தகுதியாக உள்ளது. சிறு பிள்ளைக்குப் பெரும் படிப்பாளி வேண்டும் என்னும் இக்கொள்கையை நாம் இரு கை கூப்பி வரவேற்கிறோம்.

எனினும் நெஞ்சில் ஓர் அச்சம் எழுகின்றது. இடுக்கி மாவட்டத்து ஆசிரியர் கல்விப் பயிற்சி நிறுவனம் தொடுபுழையில் உள்ளது. சின்னக்கானலிலிருந்து அது ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஈராண்டுக்கே மகளை விடுதியில் வைத்துப் படிப்பிக்கத் தயங்கும் தோட்டத் தொழிலாளி, நான்காண்டுக்கு என் செய்வார்? லயத்திலிருந்து ஒரு பெண் ஆசிரியையாகி வரும் வழி அடைபடின், தமிழ்வழி வகுப்பில் யார் நிற்பர்? கற்பிக்க ஆளில்லாத வகுப்பில் பிள்ளைகள் குறைவர். பிள்ளைகள் குறைந்த வகுப்பு மூடப்படும். ஏற்கெனவே பெற்றோர் பலர் ஆங்கில வழியை நாடும் காலம் இது.

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தில் நின்றன. அவ்வமைப்புக்கு வழிசெய்த அரசியல் சட்டத்தின் ஏழாவது திருத்தமே 350ஏ என்னும் பிரிவையும் தந்தது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயலவேண்டும் என்பது அதன் கருத்து. கட்டடமும் நூலும் மட்டும் வசதியாகா. அம்மொழியில் கற்பிக்கப் பயின்ற ஆசிரியரே முதல் வசதி.

இதற்கு உலகில் சான்றுகள் உண்டு. பின்லாந்தில் சுவீடிய மொழியே உயர்கல்வி மொழியாய் விளங்கிய காலத்தில், 1863இல் யூவாஸ்கூலா நகரில் பின்னிய மொழியில் ஆசிரியர் பயிற்சி தரும் முதற் கல்லூரி தோன்றியது. மக்கள் மொழி பள்ளி மொழியாவதற்கு அது கால்கோள் ஆயிற்று. இலங்கை மலையகத்திலும், தோட்டத்து இளைஞர்களையே ஆசிரியராக அமர்த்திப் பயிற்றும் முயற்சி 1980களில் வலுப்பெற்றது. பின்னர் ஜெர்மானிய உதவியுடன் கொட்டகலைக்கு அருகே பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. தேயிலைத் தோட்டங்களின் நடுவே ஆசிரியர் கல்லூரி அமைந்ததன் பயனை அம்மலையகத்தார் நன்கறிவர்.

அவ்வாறே, படிப்பை உயர்த்துங்கால் அப்படிப்பு எட்டும் தொலைவையும் குறைத்தல் அரசின் கடன். நான்காண்டுப் பட்டம் வரட்டும். அதனோடு தமிழ்வழிப் பிரிவும், மலைப்பள்ளிகளிலேயே களப்பயிற்சியும், தோட்டத்துப் பிள்ளைகட்கு விடுதியும் உதவித்தொகையும் வரட்டும். தமிழ்ச் சங்கங்களும் வாளாவிருத்தல் தகாது. ஆண்டுதோறும் மலர் வெளியிட்டு மகிழும் நாம், ஆண்டுக்கு ஒரு தோட்டத்துப் பெண்ணின் ஆசிரியப் படிப்பை ஏற்கலாம். தகுதித் தேர்வுக்குத் தமிழில் பயிற்சி வகுப்பு நடத்த ஓய்வு பெற்ற ஆசிரியர் பலர் நம்மிடையே உளர். நாமும் அவ்வரிசையில் நிற்க ஆயத்தமாயிருக்கிறோம். வரும் கல்வியாண்டு தொடங்குமுன் சங்கத்தார் இதனை ஆய்ந்து ஆவன செய்வாராக.