தோட்டா இல்லாத அப்யாசம்

செம்பரம்பாக்கத்தில் வசிக்கும் என் தங்கை மகள், தேசிய மாணவர் படையில் சேர்ந்தது முதலாக, தோட்டாவே இடாமல், குப்புறப் படுத்து, துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தோளில் பதித்து, சுவாசத்தைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை மெல்ல அழுத்தும் அப்யாசத்தையே திரும்பத் திரும்பச் செய்விக்கிறார்கள் என்று சொன்னபோது, எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமன்று; ஏனெனில் மனம் கட்டளையிடும் முன்பே சரீரம் தானாக இயங்கும் நிலை, நிதானமான சாதகத்தால் அன்றி வேறெதனாலும் சித்திப்பதில்லை.

அந்த நிதானம் எவ்வளவு அவசியம் என்பதற்கு ஓர் உதாரணம்: கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன், 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில், இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான்!

வெற்றுத் துப்பாக்கியையும் குண்டு நிறைந்ததாகவே பாவித்து, அதன் முனையை எவர்மீதும் திருப்பாதிருத்தலும் இந்த அப்யாசத்தின் பிரதான அங்கம். பெற்றோர்களே, உங்கள் பெண்கள் இப்பயிற்சியை விரும்பினால் தயவுசெய்து தடுக்காதீர்கள்.