மூச்சுக்குழாய்

நெய்வேலி நகரியத்தில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த எவனுக்கும் நீரிடத்தில் ஒருவகைப் பயபக்தி உண்டாகிவிடும். ஊர் பழுப்பு நிலக்கரியால் பிரசித்தி பெற்றதுதான். ஆயினும், ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணற்றுக்குத் துளையிட்டபோது கறுப்பாய் ஏதோ தட்டுப்பட்ட 1930-களிலிருந்து, 1957-இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்து, 1961-இல் கரிப்படுகை முதன்முதலாகச் சூரிய வெளிச்சத்தைக் கண்ட நாள் வரையில், அங்கே மனிதன் மண்ணோடு போராடியதைக் காட்டிலும் மண்ணுக்கு அடியில் கிடந்த நீரோடு போராடியதே அதிகம். கரிக்குக் கீழே அடைபட்டுக் கிடக்கும் அந்த ஊற்று நீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரையிலான விசையோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கிறது. இரவு பகலாகப் பம்புகளை ஓட்டி அதன் வேகத்தைத் தணிக்காவிட்டால் சுரங்கத்தின் தரை பிளந்து நீர் மேலே பீறிட்டுவிடும்.

அந்தப் பம்புகளோடு நெடுங்காலம் மன்றாடிய என் நண்பர் ஒருவர், தூத்துக்குடியில் நெய்வேலி நிறுவனமும் தமிழ்நாட்டு மின்வாரியமும் கூட்டாக அமைத்த 1,000 மெகாவாட் அனல்மின் நிலையத்துக்கு மாற்றலாகிப் போனார். போன இடத்தில் மனிதர்களைச் சம்பாதித்துக்கொள்வது அவர் சுபாவம். "நாம் பம்பு வைத்து விரட்டிய அழுத்தத்தை, இங்கே சில பேர் நெஞ்சைக் காட்டி வாங்கிக்கொண்டு ஜீவனம் செய்கிறார்கள், வந்து பாரும்" என்று அவர் தொலைபேசியில் சொன்னதன் பேரில்தான், மாசி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில் நான் தூத்துக்குடியின் திரேஸ்புரத்துக் கரையில் போய் நின்றேன்.

சங்கு குளிப்பது அந்தக் கரைக்குப் புதிதன்று. தெற்கே சிறிது தூரத்தில் உள்ள கொற்கையைக் கிரேக்க மாலுமிகள் அறிந்திருந்தார்கள். பாண்டியனின் முத்துக் குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகளை இறக்கினார்கள் என்று அவர்களுடைய யாத்திரைக் குறிப்பே சொல்கிறது. முத்துச் சலாபம் 1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்துவிட்டது. 1973-இல் விஞ்ஞானிகள் சிப்பிக்குள் கருவை வைத்து முத்து விளைவித்துக் காட்டியதும் தூத்துக்குடியில்தான் என்றாலும், அதனால் குளியாளிக்குப் புதிய வேலை எதுவும் பிறந்துவிடவில்லை. சங்கு மட்டும் எஞ்சியது. வங்காளத்தில் மணப்பெண்ணின் கையில் சங்கு வளையல் ஏறாமல் கல்யாணம் நிறைவு பெறாது என்ற வழக்கம் உள்ளவரையில், மன்னார் வளைகுடாவின் மணலில் புதைந்து கிடக்கும் இந்த உயிருக்கு விஷ்ணுபூரிலும் டாக்காவிலும் அறுப்பு வாள் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

நண்பர் அறிமுகப்படுத்திய குளியாளிக்கு வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். பரதவர், பனிமய மாதாவின் படம் தொங்கும் சிறிய வீடு. குட்டையான உருவமானாலும் மார்பு மட்டும் வேறு யாரிடமிருந்தோ கடன் வாங்கி வைத்தது போல அகன்றிருந்தது. இடது காது மந்தம். ஆகையால் வலப்பக்கமாகவே வந்து உட்காரும்படி என்னைக் கேட்டுக்கொண்டார். அப்பாவோடு பதினான்கு வயதில் கடலில் இறங்கியவர். அந்தக் காலத்தில் கண்ணாடியும், காலில் கட்டிக்கொள்ளும் தகடும், இடுப்பில் ஒரு வலைப்பையும், சொந்த மூச்சும்தான் மூலதனம். ஏழு பாகம், எட்டுப் பாகம் ஆழத்துக்குப் போய், மணலில் சங்கு ஊர்ந்து போன தடத்தைத் தேடிப் பிடித்து, கைக்கு அகப்பட்டதை அள்ளிக்கொண்டு, நெஞ்சு வெடிப்பதற்குள் மேலே வந்துவிட வேண்டும்.

"மூச்சு நம்மளுதா இருந்த வரைக்கும் பயம் இல்ல அண்ணாச்சி. முட்டுச்சுன்னா மேல வந்துருவோம். இப்ப மூச்சு இஞ்சின்கிட்டல்லா இருக்கு" என்றார்.

படகின் நடுவில் அந்த யந்திரம் இருந்தது. இந்தக் கட்டுரையில் அதற்குத் தகுதிக்கு மீறிய இடம் கொடுக்கிறேன் என்று வாசகர் நினைக்கக்கூடும். ஆனால் அன்று முழுவதும் என் கண் அதை விட்டு அகலவில்லை. மோட்டார் பட்டறைகளில் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கவும் டயருக்குக் காற்றுப் பிடிக்கவும் வைத்திருக்கிறார்களே, அதே கம்ப்ரசர்தான். டீசல் இஞ்சினிலிருந்து ஒரு பெல்ட் அதைச் சுழற்றுகிறது; துருவேறிய சிறு தொட்டியில் காற்று சேர்கிறது; அங்கிருந்து மஞ்சள் நிறத்துப் பிளாஸ்டிக் குழாய் சுருள் சுருளாக அணியத்தில் கிடக்கிறது. குழாயின் நுனியில் வாயில் கவ்விக்கொள்ளும் ஒரு ரப்பர் துண்டு. பல்லுக் கடித்துக் கடித்து அதன் ஓரம் பிய்ந்து, சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அதைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்த நண்பரின் முகம் சுருங்கிற்று. எஞ்சின் ஆயிலின் வாடை.

பம்புகளோடும் கம்ப்ரசர்களோடும் பழகியவர் ஆதலால், காற்று உள்ளே போகும் வாயைத்தான் அவர் முதலில் தேடினார். கம்ப்ரசரின் உறிஞ்சு வாய், இஞ்சினின் புகைபோக்கிக்கு ஒரு முழத்துக்குள் இருந்தது. காற்று ஒரு திசையில் அடித்தால் புகை கடலுக்குப் போய்விடும். படகு நங்கூரத்தில் சற்றே திரும்பினாலோ, அதே புகை உறிஞ்சு வாய்க்குள் போய், குழாய் வழியாகக் கீழே இருப்பவனின் நெஞ்சுக்குள் இறங்கிவிடும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இரத்தத்தில் தான் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கரையில் தலைவலியோடு போகக்கூடிய அளவு, ஆழத்தில் அழுத்தம் கூடுவதால் ஆளையே மயக்கிவிடும். சங்கு குளிக்கப் போனவர் கடலில் மூச்சுத்திணறி இறந்தார் என்று அவ்வப்போது பத்திரிகையின் உள்பக்கத்தில் நாலு வரியில் வரும் செய்திகளுக்குப் பின்னால் இந்த ஒரு முழ தூரம் இருக்கக்கூடும் என்று எனக்கு அப்போது தோன்றிற்று.

படகு புறப்பட்டது. வான் தீவு, கோஸ்வாரி, காரைச்சல்லி என்று தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தீவுகளுக்கு அருகில் போவதற்கில்லை. இராமேசுவரம் வரையில் பரந்துள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. குளியாளி தூரத்தில் ஒரு திசையைச் சுட்டிக்காட்டி, "அங்கதான் விலாங்குச்சல்லி இருந்துச்சு. அந்தத் தீவுல எங்க அய்யாவும் நானும் சோறு பொங்கித் தின்னுருக்கோம். இப்ப தண்ணிக்குக் கீழ கெடக்கு" என்றார். அங்கே அலையைத் தவிர வேறொன்றும் எனக்குத் தென்படவில்லை. சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்குமாகப் பவளப்பாறையை ஆண்டாண்டுக் காலமாக வெட்டி எடுத்ததில், அலையைத் தடுத்து நின்ற அரண் போய், மணல் கரைந்து, தீவே அமிழ்ந்துவிட்டது. அந்தக் கல்லை வெட்டி எடுத்தவர்களில் தாமும் ஒருவர் என்பதை அவர் மறைக்கவில்லை. கூலி கொடுத்தார்கள், வெட்டினோம் என்றார்.

முதலில் மகனை ஒத்த ஓர் இளைஞன் குதித்தான்; பிறகு இவர். நீவாடு என்கிற கடல் நீரோட்டம் குறைவாக இருந்தது, தண்ணீர் தெளிவு. காற்றுக்குமிழிகள் மேலே வந்து உடைவதைத் தவிர, அதன்பிறகு நான் பார்க்க ஒன்றுமில்லை. படகில் ஒருவன் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, கீழே இருப்பவர் நகர நகர விட்டும் இழுத்தும் கொடுத்தபடி, இஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தான். அடியில் இருப்பவருக்கும் அந்த இஞ்சினின் ஓசை கேட்குமாம். "சத்தம் தடுமாறிச்சின்னா, குழாயில காத்து நிக்கிறதுக்கு முன்னாலயே எனக்குத் தெரிஞ்சிரும். தொட்டியில இருக்குற மிச்சக் காத்துலதான் மேல வரணும்" என்று பிற்பாடு சொன்னார்.

அழுத்தத்தின் கணக்கை நண்பர் எனக்கு விளக்கினார். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டலத்தின் பாரம் கூடுகிறது. அதாவது நெய்வேலியில் எங்கள் பம்புகள் எதிர்கொள்ளும் விசையில் ஏறக்குறைய ஆறில் ஒன்றோ எட்டில் ஒன்றோ. மூச்சை அடக்கிக் குளித்தவன் ஒன்றிரண்டு நிமிஷத்தில் மேலே வந்துவிட்டதால் அந்தப் பாரம் அவன் இரத்தத்தில் தங்குவதற்கு அவகாசம் கிடைக்கவில்லை. குழாய்க் காற்றில் மணிக்கணக்காகக் கிடப்பவனுக்கோ நைட்ரஜன் தசையிலும் கொழுப்பிலும் கரைந்து சேர்ந்துவிடுகிறது. அவசரமாக மேலே வந்தால் சோடாப் புட்டியைத் திறந்ததுபோல உடம்புக்குள்ளேயே நுரை கிளம்பும். மூட்டு வலிக்கும், சில சமயம் இடுப்புக்குக் கீழே மரத்துப் போய்விடும். படிப்படியாக நின்று நின்று மேலே வருவதற்கான அட்டவணையை ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி 1908-இலேயே வெளியிட்டுவிட்டார். கூஸ்டோவும் காஞ்ஞானும் 1943-இல் முதுகில் சுமக்கும் காற்று உருளைக்கு வழிசெய்த பிறகு, லட்சத்தீவின் கட்மத்திலும் அந்தமானின் ஹேவ்லாக்கிலும் பவளப்பாறையையும் சுறாவையும் காணவென்று பணம் கட்டி இறங்குகிறவர்களுக்கு, முதல் பாடமே அந்த மெதுவான ஏற்றம்தான். கையில் ஆழமானி, கூடவே ஒரு பயிற்றாசிரியர், வடிகட்டிய காற்று. அதே கடல், அதே சரீரம். ஆனால் திரேஸ்புரத்துக்காரருக்கு ஆழமானி என்பது படகில் மிச்சமிருக்கும் குழாயின் நீளம்தான்.

சுறாவைப் பற்றிக் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை. பழைய முத்துச் சலாபங்களில் கடல்கட்டி என்று ஒருவர் இருப்பார். அவர் கரையிலிருந்து மந்திரம் ஓதிச் சுறாவின் வாயைக் கட்டினாலொழியக் குளியாளிகள் இறங்கமாட்டார்கள். வெள்ளைக்காரத் துரைத்தனம்கூட அவருக்குப் படியளந்து வைத்திருந்தது. இவர் சிரித்தார். "சுறா பாவம் அண்ணாச்சி, அது பாட்டுக்குப் போவும். சொறி மேல பட்டா எரியும், திருக்கை முள்ளு ஏறுச்சுன்னா ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்ல. அதையெல்லாம் விட, பெல்ட்டு அறுந்துருமோன்னுதான் பயம்." கடல்கட்டியின் உத்தியோகம் இன்று அந்தப் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் பையனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், அவனுக்குத் தனிச் சம்பளம் ஏதும் கிடையாது.

கரைக்குத் திரும்பியபின் சங்குகளைத் தரம் பிரித்தார்கள். அளவுக்கு ஒரு பெயர், நிறத்துக்கு ஒரு பெயர், உயிரோடு எடுத்ததற்கும் மணலில் செத்துக் கிடந்ததற்கும் வெவ்வேறு விலை. அந்த நுணுக்கங்களில் எனக்கு ருசி ஏற்படவில்லை, ஆதலால் வாசகரையும் அதில் இழுத்துவிடாமல் தாண்டிப் போகிறேன். என் கண்ணில் பட்டது வேறு. வியாபாரியின் ஆள் சங்குகளைப் பொறுக்கி எடுத்து, விளிம்பு உடைந்தது, புழு அரித்தது என்று ஒவ்வொன்றாக ஒதுக்கி, ஒதுக்கியவற்றையும் அரைவிலைக்குத் தாமே எடுத்துக்கொண்டு, முன்பணத்தில் ஒரு பகுதியைக் கழித்து, டீசலுக்கும் படகின் பங்குக்கும் போக மீதியைக் குளியாளியின் கையில் வைத்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்நாளைய முத்துச் சலாபத்தில், மூன்றில் இரண்டு பங்கை அரசாங்கம் எடுத்துக்கொண்டாலும், மூன்றில் ஒரு பங்குச் சிப்பி குளியாளியின் சொத்து. அவன் அதைக் கரையில் தன் இஷ்டப்படி விற்றான். கொடுங்கோலென்று நாம் ஏசுகிற ஆட்சியில் குளியாளிக்கு இருந்த அந்தப் பாத்தியதை, சுதந்திர நாட்டின் தரகர் கையில் எங்கே தொலைந்தது? தன் மூச்சை விற்கிறவன் விலை சொல்லக் கூடாது. தண்ணீரில் கால் நனையாதவன் தராசைப் பிடிக்க வேண்டும். கல்கத்தாவுக்குப் போகும் மூட்டைக்கு வழிநெடுக ஒவ்வொரு கையும் லாபம் வைத்துக் கட்டும்போது, எடுத்தவனுக்கு மட்டும் கடன் மீதி நிற்க வேண்டும்! கூட்டுறவுச் சங்கம் என்றும் நேரடி விற்பனை என்றும் நான் அந்தத் திண்ணையில் நெடுநேரம் பிரசங்கம் செய்தேன். நண்பர் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

குளியாளி காதைத் திருப்பி முழுவதையும் கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "நீங்க சொல்றது நியாயந்தான் அண்ணாச்சி. ஆனா ஆனி ஆடியில கச்சான் அடிச்சு, கடல் கலங்கிக் கெடக்கும்போது எந்த பேங்கு எனக்கு அரிசி வாங்கித் தரும்? என் மூத்த பிள்ளைக்கு ஆபரேஷன்னு ராத்திரி பத்து மணிக்குப் போய் நின்னேன். அந்த மனுசன் ஏன்னு கேக்கல, எடுத்துக் குடுத்தாரு. அந்தக் கடன்தான் இன்னும் ஓடுது." அவர் அதை வியாபாரிக்கு நற்சாட்சியாகச் சொன்னாரா, சுருக்குக் கயிறு எப்படி விழுந்தது என்று எனக்குக் காட்டுவதற்காகச் சொன்னாரா என்று என்னால் நிச்சயிக்க முடியவில்லை.

நண்பருக்கு இந்த விவகாரத்தில் சிரத்தையில்லை. அவர் இதற்குள் படகுக்குப் போய், கம்ப்ரசரின் உறிஞ்சு வாயை அளந்துகொண்டு வந்துவிட்டார். ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாயை நட்டு, வாயை முன்பக்கமாக, புகைபோக்கிக்கு எதிர்த்திசையில் கொண்டுபோய்விட்டால் பாதி அபாயம் தீரும்; உள்ளே ஊற்றும் எண்ணெயை மாற்றி, கரித்தூள் வடிகட்டி ஒன்றைப் பொருத்தினால் மீதியில் பெரும்பகுதி தீரும் என்று கணக்குச் சொன்னார். இரும்புக் குழாய்க்கு யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. வெல்டிங் பட்டறையில் மறுநாளே வேலை முடிந்தது. வடிகட்டிக்குப் பணம் என்றதும் படகுக்காரர், கம்ப்ரசர் வாங்கிக் கொடுத்தது வியாபாரி, அவரைக் கேளுங்கள் என்றார். வியாபாரியின் ஆளோ, சங்குக்குத்தான் தாங்கள் பொறுப்பு, காற்றுக்குப் படகுதான் பொறுப்பு என்றார். வேண்டுமானால் குளியாளியின் கணக்கில் முன்பணமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. நான் நெய்வேலிக்குப் பஸ் ஏறும் வரையில் அந்தப் பஞ்சாயத்து முடியவில்லை.