வண்ணத்துப்பூச்சியைத் தொந்தரவு செய்தால் 1,000 டாலர் அபராதம்! - கலிஃபோர்னியாவில் இப்படியும் ஓர் ஊர்

மகனையோ மகளையோ பார்க்க கலிஃபோர்னியா போகும் நம்மூர் பெற்றோர், கோல்டன் கேட் பாலத்தில் நின்று ஒரு போட்டோ, ஸ்டான்ஃபோர்டு வளாகத்தில் ஒரு போட்டோ என்று எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நவம்பர், டிசம்பரில் போகிறவர்கள் பசிபிக் குரோவையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். சான் ஹோசேயிலிருந்து காரில் சுமார் ஒன்றரை மணி நேரம். மான்ட்டெரியை ஒட்டிய சின்னக் கடற்கரை ஊர்.

குளிர்காலத்தைக் கழிக்க மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் இங்கே வருகின்றன. போன வருடம் வந்தவை இந்த வருடம் வருவதில்லை. அவற்றின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள்தான் வருகின்றன. யாரும் வழிகாட்டாமலேயே அதே தோப்புக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன! வந்து தங்கும் மரங்களில் யூகலிப்டஸும் உண்டு. நம் ஊட்டியைப் போலவே அங்கும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம்தான்.

இவற்றைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 1939-லேயே ஊரில் சட்டம் போட்டுவிட்டார்கள். மீறினால் 1,000 டாலர் வரை அபராதம். ஒவ்வோர் அக்டோபரிலும் பள்ளிப் பிள்ளைகள் இறக்கை கட்டிக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள்.

ஆனால், ஊர்வலம் போகும் அளவுக்குப் பூச்சிகள் வருகின்றனவா என்பதுதான் இப்போதைய கவலை. 1997 முதல் ஒவ்வொரு நவம்பரிலும் தன்னார்வலர்கள் கடற்கரைத் தோப்புகளில் கணக்கெடுக்கிறார்கள். குளிரில் பூச்சிகளால் பறக்க முடியாத அதிகாலை நேரம்தான் அதற்கு வசதி. 1980-களில் லட்சக்கணக்கில் இருந்தவை, 2020-ல் மாநிலம் முழுக்கத் தேடியும் 2,000-ஐத் தொடவில்லை. பசிபிக் குரோவில் ஒன்றுகூட இல்லை. அடுத்த ஆண்டே 2,47,000, அதற்கடுத்து 3,35,000 என்று எகிறி எல்லோரையும் ஆச்சர்யப்படுத்தியது. 2024-ல் மறுபடியும் 9,119. பூச்சிமருந்து, வறட்சி, வெட்டப்படும் மரங்கள் என்று காரணங்கள் பல.

வீட்டுத் தோட்டத்துக்கும் இதில் பங்குண்டு. மொனார்க் புழுவுக்கு ஒரே உணவு மில்க்வீட் செடி. நம்மூர் எருக்கின் உறவுக்காரச் செடி. (எருக்கில் முட்டையிடும் நம் வெந்தய வரியன், மொனார்க்கின் பங்காளி!) பூச்சிகளைக் காப்பாற்றும் ஆசையில் பலர் நர்சரியில் வாங்கி வைத்தது, சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் வெப்பமண்டல மில்க்வீட். கடற்கரைப் பகுதியில் அது குளிர்காலத்திலும் வாடுவதில்லை. அதனால் இலையில் ஒட்டுண்ணிக் கிருமி சேர்ந்துகொண்டே போகிறது. பூச்சிகளும் வலசையை மறந்து அங்கேயே முட்டையிடுகின்றன. மரின் உள்ளிட்ட சில கவுன்ட்டிகளில் இப்போது இந்தச் செடியை விற்கவே தடை. நல்லெண்ணத்தில் செய்ததே வினையானது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

டேவிஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்தர் ஷாப்பிரோவின் வழி வேறு. 1972 முதல், கடற்கரை தொடங்கி சியரா மலை வரை குறிப்பிட்ட 10 இடங்களில் வண்ணத்துப்பூச்சிகளைக் குறித்து வைத்தவர். வருடத்தின் முதல் முட்டைக்கோஸ் வெள்ளையைப் பிடித்து வருபவருக்கு ஒரு ஜாடி பீர் பரிசு என்று போட்டியும் நடத்தினார். வேடிக்கையாகத் தெரியும். ஆனால், வசந்தம் முன்கூட்டியே வருவதை இப்படிப்பட்ட தேதிகளின் நீண்ட வரிசைதான் காட்டிக்கொடுக்கிறது.

பசிபிக் குரோவ் சரணாலயத்துக்கு அனுமதி இலவசம். ஸ்வெட்டரும் பைனாகுலரும் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் சீக்கிரமே போனால், இறக்கையை மூடிக்கொண்டு தொங்கும் கூட்டத்தைக் காய்ந்த இலைகள் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவீர்கள். வெயில் ஏறியபின் போங்கள். அப்போதுதான் அந்த 'இலைகள்' ஒவ்வொன்றாக ஆரஞ்சு நிறத்தில் விரியும்.