பிடிச்சா ஓடுவான், விட்டா நிப்பான்

அன்புள்ள சைஸ் தாத்தாவுக்கு,

பசியாறியாச்சா? இதை நேரில் சொல்ல வந்தால், "போய் லாயத்தைக் கூட்டு, போ" என்று விரட்டிவிடுவீர்கள். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

நான் பார்த்த முதல் குதிரை, சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயிலில் நின்ற சிமெண்டுக் குதிரை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. நாங்கள் தோட்டத்து லயத்தை விட்டு ஈப்போவுக்கு வந்தோம்; நீங்கள் குதிரை பராமரிக்கும் சைஸாக இருந்த லாயத்தில் நான் சேர்ந்தேன். "லயத்திலேருந்து லாயத்துக்கு ஒரு கால்தான் கூடுதல்" என்று நீங்கள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

அந்த முதல் வாரத்தை மறந்திருக்க மாட்டீர்கள். பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற சிவலைக் குதிரை. அது வேகமெடுக்க, பயத்தில் நான் கடிவாள வாரை இறுக்கினேன். இன்னும் வேகமாக ஓடியது. மேலும் இறுக்கினேன், மணலில் கிடந்தேன். ஓடி வந்த நீங்கள் முதலில் பார்த்தது குதிரையின் வாயை. அப்புறம்தான் என்னை! அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

குதிரையின் உதட்டை விலக்கிக் காட்டினீர்கள். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடம். எலும்பின்மேல் மெல்லிய ஈறு, அவ்வளவுதான். கடிவாள இரும்பு உட்காருவது அங்கே. "பந்தயக் குதிரைக்கு வாரை இறுக்குனா, சாஞ்சுக்கிட்டு ஓடத்தான் பழக்கியிருக்கு. பிடிச்சா ஓடுவான், விட்டா நிப்பான்" என்றீர்கள். பிறகு கேட்டீர்கள்: "உங்கம்மா மரம் சீவுனவங்கதானே?"

அந்தக் கேள்வியில்தான் எனக்குப் பாடம் புரிந்தது. பட்டையில் கத்தி ஆழமாகப் போனால் மரம் முண்டும் முடிச்சுமாகிவிடும்; மறுபடி அங்கே ஒழுங்காகச் சீவ முடியாது. பால் ஓடும் குழாய்களைத் தொட வேண்டும், அதற்கு உள்ளே ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் உயிர்ப்பட்டையைத் தொடக் கூடாது. அம்மா இதை விடியுமுன்னே, நெற்றி விளக்கு வெளிச்சத்தில் செய்தார். நீங்களும் வெயில் ஏறுமுன்னே குதிரையை ஓட்டத்துக்குக் கொண்டுபோனீர்கள். இருட்டில் வேலை பார்த்த கைகள் இரண்டும்.

அடுத்த மூன்று மாதம் வாரையே என் கையில் தரவில்லை. நீளக் கயிற்றில் குதிரை வட்டம் வர, அங்கவடி இல்லாமல், கை இரண்டையும் இடுப்பில் வைத்து உட்கார்ந்திருந்தேன். தடுமாறினால் பிடரியைப் பிடிக்கலாம். உட்காரத் தெரியாதவன்தான் வாரில் தொங்குவான் என்பது உங்கள் கணக்கு. காலால் அழுத்திக் கேள், அது ஓர் அடி வைத்ததுமே தளர்த்து. அந்தத் தளர்த்துகிற நொடியில்தான் குதிரை படிக்கிறது என்றும் சொன்னீர்கள். தாமதமாகத் தளர்த்தினால் வேறு எதையோ படித்துவிடும். இன்றும் என் மாணவர்களுக்கு இதைப் புரியவைக்கத்தான் அதிக நேரம் ஆகிறது.

வேலை முடிந்ததும் கழுத்தில் கைவைத்து வியர்வை பார்க்கச் சொன்னதும் நீங்கள்தான். நம் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். உடம்பு கொதித்து ஆபத்தாகும்.

நம் ஊரில் குதிரைப் பந்தயம் நடத்தும் பேராக் டர்ஃப் கிளப் 1886இல் தொடங்கியது. இத்தனை காலத்தில் வெற்றிப் படங்களில் ஜாக்கிக்குப் பெயர் உண்டு, குதிரைக்குப் பெயர் உண்டு. ஓரத்தில் கயிற்றைப் பிடித்து நிற்கும் சைஸுக்கு? சிங்கப்பூரில் 2024 அக்டோபர் 5இல் கடைசிப் பந்தயம் ஓடிவிட்டது. பினாங்கும் 2025 மே மாதத்தோடு நிறுத்திக்கொண்டது. அங்கே குதிரை வாய் அறிந்த கைகள் இப்போது என்ன பிடித்துக்கொண்டிருக்கின்றனவோ.

போன வாரம் என்னிடம் பழகும் சிறுமி வாரை இறுக்கி, நான் விழுந்த மாதிரியே விழுந்தாள். அடி ஒன்றும் பலமில்லை என்று அவள் எழுந்த விதத்திலேயே தெரிந்தது. என் கை தானாகக் குதிரையின் உதட்டுக்குப் போனது. அவள் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே, தாத்தா!

ஞாயிறு வருகிறேன். வெல்லம் கொண்டுவருவேன். அது சிவலைக்கு, உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, கை நீட்டாதீர்கள்.

உங்கள்,
லயத்துப் பிள்ளை