கல்லுப்பட்டியில் ஒரு கணக்குப்பிள்ளை

மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக ராஜபாளையம் போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் டி.கல்லுப்பட்டி வரும். கரிசல் காடு. அங்கே காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிறது. ஜே.சி.குமரப்பா தம் கடைசிக் காலத்தைக் கழித்தது அங்கேதான்.

நான் படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். பாஸ்கலையும் ரூசோவையும் மனப்பாடம் செய்தோம். நம் பக்கத்து ஆள் ஒருவர் இயேசுவையும் பொருளாதாரத்தையும் சேர்த்து யோசித்தார் என்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. ஷூமாகர் எழுதிய 'ஸ்மால் இஸ் ப்யூட்டிஃபுல்' நூலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில்தான் குமரப்பா பெயரை முதலில் பார்த்தேன். பௌத்தப் பொருளாதாரம் பற்றிய அத்தியாயத்தில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவரின் மேற்கோள்! மறுநாள் ஆபீசில் கல்லுப்பட்டிக்காரரான பியூனிடம் கேட்டேன். "அவரு எங்க ஊர்லதான சார் இருந்தாரு" என்றார், வெகு சாதாரணமாக.

குமரப்பா 1892 ஜனவரி 4-ஆம் தேதி தஞ்சாவூரில் பிறந்தார். இயற்பெயர் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தி, அமெரிக்கா போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தவர். இந்தியாவின் வறுமைக்கு ஆங்கில அரசின் வரி முறையே காரணம் என்பது அங்கே அவர் கண்ட முடிவு. 1929-இல் காந்தியைச் சந்தித்தார். சூட்டு கோட்டு போய்க் கதர் வந்தது. கார்னீலியஸ் என்ற பெயரும் போய்க் குடும்பப் பெயரான குமரப்பா வந்தது.

வாழ்நாள் முழுதும் வவுச்சர் பார்த்தவன் நான். எனக்கு மிகவும் பிடித்தது பீகார் பூகம்பக் கதை. 1934-இல் நிவாரண நிதிக் கணக்கு குமரப்பாவின் கையில் இருந்தது. தொண்டர் ஒருவருக்குச் சாப்பாட்டுச் செலவு நாளொன்றுக்கு மூன்று அணா என்று விதித்துவிட்டார். காந்தியே தம் ஆட்களோடு பாட்னா வந்தபோது, அந்தச் செலவை நிவாரண நிதி ஏற்காது என்று செயலாளர் மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார். எந்த ஆபீசில் எந்தக் கணக்கர் இப்படிச் சொல்லியிருப்பார்?

அந்தக் கறார்தான் அவருடைய தத்துவமும். 1942 போராட்டத்துக்குப் பிறகு ஜெயிலில் இருந்தபோது இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றியது. மற்றது 'எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்', அதாவது நிலைத்த பொருளாதாரம். இரண்டுக்கும் காந்தி முன்னுரை தந்தார். மனிதன் பிழைக்கும் வழிகளைக் குமரப்பா ஐந்தாகப் பிரிக்கிறார். புலி கொன்று தின்கிறது. குரங்கு நடாத தோப்பில் பழம் பறிக்கிறது. குருவி தன் கூட்டைத் தானே கட்டுகிறது. தேனீ கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கிறது. தாய்ப்பறவை எதையும் எதிர்பாராமல் குஞ்சுக்கு ஊட்டுகிறது. புலியிலிருந்து தாய் வரை ஏறுவதுதான் நாகரிகம் என்றார். இது எனக்குப் பொருளாதாரமாகவும் படுகிறது, பிரசங்கமாகவும் படுகிறது.

இவ்வளவு பெரியவரை ஏன் மறந்தோம்? எனக்குத் தோன்றுவது இதுதான். காந்தியர்கள் அவருடைய செக்கையும் ராட்டையையும் எடுத்துக்கொண்டு இயேசுவை விட்டுவிட்டார்கள். சபைக்காரர்களுக்கோ அவர் சங்கடமான ஆள். 1930-இல் சத்தியாகிரகிகள் அடிபட்டபோது மிஷனரிகள் ஏன் வாய் திறக்கவில்லை என்று பகிரங்கமாகக் கேட்டவர் ஆயிற்றே. ஆளுக்குப் பாதி என்று பங்கு போட்டதில் முழு மனிதர் காணாமல் போய்விட்டார்.

ஆனாலும் வழி அற்றுப்போகவில்லை. மதுரை மிஷனுக்கு வந்த அமெரிக்கப் பாதிரியார் கைத்தான் இதே பாதையில் நடந்தவர். ஆங்கில அரசு இரண்டு முறை நாடு கடத்தியும் திரும்பி வந்து இந்தப் பக்கத்துக் கிராமங்களிலேயே வாழ்ந்தார். பின்னாளில் இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் குமரப்பாவை மேடைதோறும் நினைவுபடுத்தினார். டிராக்டர் நன்றாக உழும், ஆனால் சாணி போடாதே என்று குமரப்பா கேட்டதாகச் சொல்லும் பேச்சை இன்றும் விவசாயிகள் வாயில் கேட்கலாம்.

குமரப்பா இன்னொரு பிரிவினையும் செய்தார். நிலக்கரி, பெட்ரோல் போல எடுக்க எடுக்கத் தீர்ந்துபோவது ஒன்று. காடு, ஆறு போல மறுபடி மறுபடி வருவது மற்றொன்று. தீர்வதை நம்பி வாழ்ந்தால் சண்டையில் முடியும் என்றார். எங்கள் தெருவில் போர்வெல் முதலில் இருநூறு அடி, பிறகு நானூறு, இப்போது எழுநூறு. மழை வந்தால் நிறைகிற கண்மாய் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஆழமாகப் போட்டதும் எங்கள் குழாயில் காற்றுதான் வந்தது. இரண்டு வீட்டுக்கும் இரண்டு மாதம் பேச்சில்லை. அவர் சொன்ன சண்டை என்னவென்று அப்போதுதான் புரிந்தது.

1960 ஜனவரி 30, காந்தி மறைந்த அதே தேதியில், குமரப்பா காலமானார். அவர் குடிலில் ஓர் ஏழைக் குடியானவன் படம் இருந்ததாம். காந்தியைக் காட்டி 'இவர் என் எஜமானர்' என்பாராம், குடியானவனைக் காட்டி 'இவர் என் எஜமானருக்கு எஜமானர்' என்பாராம். அந்தப் பக்கம் போகிற அன்பர்கள் கல்லுப்பட்டியில் ஒரு மணி நேரம் இறங்கிப் பார்த்துவிட்டுப் போங்கள்.