எட்டு மாலைகளின் குறிப்பேடு

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரின் மனநலத்தை ஆராய்ந்தவர்களில் பலர், கடந்துபோன மாதங்களை மொத்தமாக நினைவுகூர்ந்து வினாப்படிவம் ஒன்றை நிரப்பித் தரும்படியே அவர்களைக் கேட்டுவந்துள்ளனர். அமெரிக்காவின் விஸ்கான்சின்-மாடிசன் பல்கலைக்கழகத்தில் மார்ஷா மெய்லிக் செல்ட்சரும் அவருடைய குழுவினரும் மேற்கொண்டு 2010-ல் வெளியிட்ட ஆய்வுகள் வேறொரு வழியை மேற்கொண்டன. ஆட்டிசம் உள்ள வளரிளம் பருவத்தினரையும் வயது வந்தோரையும் மக்களாகக் கொண்ட 96 தாய்மாரைத் தொடர்ந்து எட்டு நாள்கள் மாலைதோறும் தொலைபேசியில் அழைத்து, அன்றைய பொழுது எவ்வாறு கழிந்தது என்பதை மட்டும் கேட்டுப் பதிந்தனர். நாட்குறிப்பு முறை எனப்படும் இதில், நினைவு மங்குவதற்கும் பெருமூச்சில் கரைவதற்கும் முன்பே அன்றாடம் எழுத்தாகிவிடுகிறது. அந்த எட்டு நாள்களின் வரிசையையே இக்குறிப்புகளும் பின்பற்றுகின்றன. ஒவ்வொரு நாளும் அந்த ஆய்விலிருந்து எழும் ஏதேனும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது.

முதல் நாள்

நேரம் எங்கே போகிறது என்பதே முதற்கேள்வி. பிறரோடு பழகுவதிலும் பேச்சிலும் வேறுபாடும், ஒரே செயலையோ ஒழுங்கையோ விடாது பற்றிக்கொள்ளும் இயல்பும், ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணரும் தன்மையும் சேர்ந்த மூளை வளர்ச்சி நிலையே ஆட்டிசம் எனப்படுகிறது. அது குழந்தைப் பருவத்தோடு முடிவதில்லை. ஆகவே குறைபாடு ஏதும் இல்லாத அதே வயதுப் பிள்ளைகளின் தாய்மாரோடு ஒப்பிட்டபோது, இத்தாய்மார் பிள்ளையைக் கவனிப்பதிலும் வீட்டுவேலையிலும் கூடுதலான நேரத்தையும், ஓய்வில் குறைவான நேரத்தையும் செலவிட்டது தெரியவந்தது. மற்ற தாய்மாருக்குப் பிள்ளை தோளுக்கு மேல் வளர்ந்ததும் கை ஓய்கிறது. இவர்களுக்கோ மகனுக்குச் சவரம் செய்துவிடுவதும், மகளுக்கு மாதவிடாய் நாள்களில் துணை நிற்பதும், இரவில் கதவைப் பூட்டிச் சாவியை மறைத்துவைப்பதும் ஐம்பது வயதிலும் தொடரக்கூடிய வேலைகள்.

இரண்டாம் நாள்

மாலை அழைப்போடு இன்னொரு வேலையும் தாய்மாருக்குத் தரப்பட்டது. காலையில் கண் விழித்ததும், எழுந்து அரைமணி நேரம் கழித்தும், மதிய உணவுக்கு முன்பும், உறங்கப்போகும் முன்பும் உமிழ்நீரை எடுத்துச் சிறு குழாயில் அடைத்து அனுப்பவேண்டும். அதில் அளக்கப்பட்டது கார்ட்டிசால், அதாவது சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள சுரப்பிகள் நெருக்கடியை எதிர்கொள்ளும்பொருட்டு வெளியிடும் இயக்குநீர். நலமான உடலில் இது விழித்தபின் அரைமணி நேரத்திற்குள் விரைந்து ஏறி, உடலை அன்றைய வேலைக்கு ஆயத்தப்படுத்தி, பிறகு இரவுவரை சிறிதுசிறிதாக இறங்குகிறது. துன்பம் மிகுந்தவரிடம் இது மிகுந்திருக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் ஆட்டிசம் உள்ளோரின் தாய்மாரிடம் நாள் முழுவதும் அதன் அளவு தாழ்ந்தே இருந்தது. நெருக்கடி சில நாள்களில் தீர்ந்துபோகும்போது சுரப்பு உயர்ந்து மீள்கிறது. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்போது அந்த ஏற்பாடே தளர்ந்து, எழவேண்டிய வேளையிலும் எழாமல் போகக்கூடும் என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். காலையில் எழும்போதே உடல் அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது என்று ஒரு தாய் சொன்னால், அதைச் சோம்பல் என்றோ மிகைப்பேச்சு என்றோ ஒதுக்குவதற்கு இனி இடமில்லை.

மூன்றாம் நாள்

இம்முடிவு செய்தித்தாள்களில் போர்க்களத்துச் சிப்பாய்களின் மன அழுத்தத்தோடு ஒப்பிடப்பட்டுப் பரவியது. நெடுங்காலம் அழுத்தத்திற்கு ஆளான வேறு மக்கள் குழுக்களிடமும் இதேபோன்ற தாழ்ந்த சுரப்பு காணப்பட்டிருப்பதால் ஒப்பீட்டிற்கு ஓர் அடிப்படை உண்டு. எனினும் ஒத்திருப்பது இயக்குநீரின் அளவுதானே அன்றி வாழ்க்கை அன்று. சிப்பாய்க்குப் படை உண்டு, விடுப்பு உண்டு, எதிரி உண்டு. தாய்க்கு முதலிரண்டும் வாய்ப்பது அரிது, மூன்றாவதோ இல்லவே இல்லை. பிள்ளையை எதிரியின் இடத்தில் நிறுத்தும் எந்த உவமையும் தாயின் துயரத்தை விளக்குவதாகத் தொடங்கி, தன்னைப் பற்றி எழுதப்படுவதை ஒருநாள் தானே படிக்கக்கூடிய அப்பிள்ளைக்குத் தீங்காக முடிகிறது.

நான்காம் நாள்

அன்றன்று பிள்ளை தன்னைத் தானே அடித்துக்கொண்டதா, பொருள்களை உடைத்ததா என்பதும் பதிவாயிற்று. இத்தகைய கடின நடத்தைகள் ஒரு நாளில் மிகுந்தால் மறுநாள் காலைத் தாயின் சுரப்பில் அதன் சுவடு தெரிந்தது. ஆனால் அச்சுவடு எல்லாத் தாய்மாரிடமும் ஒன்றுபோல் இல்லை, அவ்வீட்டில் அந்நடத்தைகளின் வரலாறு எத்தகையது என்பதற்கேற்ப மாறியது. உடல் நேற்றைய நாளோடு கடந்த ஆண்டுகளையும் சேர்த்தே கணக்கு வைத்திருக்கிறது.

ஐந்தாம் நாள்

சச்சரவுகள் எத்தனை என்பதோடு, வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டு தவிர்த்த சச்சரவுகள் எத்தனை என்றும் அந்த அழைப்புகளில் கேட்கப்பட்டது. இரண்டுமே இத்தாய்மாரிடம் கூடுதலாக இருந்தன. இந்த இரண்டாவது கேள்வியே மிகக் கூர்மையானது எனலாம், ஏனெனில் விழுங்கிய சொற்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1943-ல் 11 குழந்தைகளை விவரித்து ஆட்டிசத்தை மருத்துவத்திற்கு அறிமுகப்படுத்திய லியோ கானர், அது பிறவியிலேயே அமைந்தது என்று அக்கட்டுரையில் எழுதியிருந்தும், 1949-ல் எழுதியபோது பெற்றோரின் உணர்ச்சிக் குளிர்ச்சியைச் சுட்டினார். ‘குளிர்சாதனப் பெட்டித் தாய்’ என்னும் கொடிய சொல் அவ்வழியே வழக்கிற்கு வந்தது. நாஜி வதைமுகாம்களில் கைதியாக இருந்த புரூனோ பெட்டல்ஹைம், 1967-ல் வெளியிட்ட நூலில் ஆட்டிசக் குழந்தையின் ஒடுக்கத்தை முகாம் கைதியின் ஒடுக்கத்தோடு ஒப்பிட்டார். அவ்வொப்பீட்டில் முகாம் காவலரின் இடம் பெற்றோருக்கு வந்து சேர்ந்தது. அத்தகைய முகாம்களிலிருந்து மீண்டு பிற்காலத்திலும் அதிர்ச்சியின் பின்விளைவால் வருந்தியவர்களிடம் 1990-களில் கண்டறியப்பட்டதும் தாழ்ந்த கார்ட்டிசாலே என்பதை இங்கு நினைவிற்கொள்ளவேண்டும்: காவலர் என்று பழிக்கப்பட்டவர்களின் உடல், கைதிகளின் உடல் சொன்னதையே சொல்லியிருக்கிறது.

பழியை உடைத்தவர்களில் பெற்றோரே முன் நின்றனர். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் அமெரிக்கக் கடற்படையின் உளவியலாளருமான பெர்னார்டு ரிம்லாண்டு, இது உடல் சார்ந்த காரணங்களால் வருவது என்று 1964-ல் எழுதிய நூலுக்குக் கானரே முன்னுரை தந்தார். பிரிட்டனில் ஆட்டிசம் உள்ள மகளின் தாயான மனநல மருத்துவர் லோர்னா விங், 1962-ல் பிற பெற்றோரோடு சேர்ந்து ஒரு சங்கத்தை நிறுவினார். 1977-ல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து மரபணுவின் பங்கை நிறுவினர். அறிவியல் அன்றே தீர்ப்பை மாற்றிவிட்டது; உறவினர் வீட்டு விசேஷங்களில் ‘நீ சரியாக வளர்க்கவில்லை’ என்னும் பேச்சு மட்டும் மாறவில்லை.

ஆறாம் நாள்

கணவன் மனைவி உறவைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். இத்தகைய குடும்பங்களில் நூற்றுக்கு 80 மணவாழ்க்கைகள் முறிகின்றன என்று நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்தது. 2010-ல் சிகன் ஹார்ட்லியும் உடன் ஆய்வாளர்களும் 391 பெற்றோரை ஆராய்ந்தபோது மணமுறிவு 23.5 சதவீதமாகவும், ஒப்பீட்டுக் குழுவில் 13.8 சதவீதமாகவும் இருந்தது. எனவே பெரும்பான்மையோர் பிரியவில்லை. ஆனால் மற்றக் குடும்பங்களில் பிள்ளை எட்டு வயதைக் கடந்தபின் தணியும் அந்த ஆபத்து, இவர்களிடம் பிள்ளை பெரியவராகும்வரை தணிவதில்லை.

ஏழாம் நாள்

அன்று நடந்த நல்லவற்றையும் ஆய்வாளர் கேட்டிருந்தனர். பிறரோடு மகிழ்ந்து பேசியதிலும், பொதுத்தொண்டிலும், பிறருக்கு ஆறுதலாக நின்றதிலும் இத்தாய்மார் மற்றவர்களுக்குக் குறைந்தவர்களாக இல்லை. அன்பு வற்றியதால் வந்த சோர்வு இதுவாயின் இம்முடிவு கிடைத்திருக்காது. சோர்வுக்குக் காரணத்தைச் சுமையிலும் அதைப் பகிர ஆளில்லாமையிலும் தேடவேண்டும் என்பதே இக்குறிப்புகளின் துணிபு.

எட்டாம் நாள்

அந்த எட்டு மாலைகளிலும் பேசியவர் தாய். தந்தையர் இத்துறையின் பல ஆய்வுகளில் ஓரத்திலேயே நிற்கின்றனர். ‘எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்’ என்னும் கேள்வியோ இருவருக்கும் பொது. இந்தியாவில் 1999-ல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டம், ஆட்டிசம் உள்ளிட்ட குறைபாடுகள் உடையோருக்குப் பெற்றோரின் மறைவுக்குப் பின் பாதுகாப்பு அளிப்பதைத் தன் நோக்கங்களில் ஒன்றாகவே எழுதிவைத்திருப்பது, அந்த அச்சம் எவ்வளவு பரவலானது என்பதற்குச் சான்று.

பெற்றோர் இருக்கும்போதே செய்யக்கூடியதும் உண்டு. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் டைக்கன்சும் குழுவினரும் ஆட்டிசமோ வேறு குறைபாடோ உள்ள பிள்ளைகளின் தாய்மார் 243 பேரை வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் என ஆறு வாரங்கள் கூட்டி, மூச்சிலும் உடலிலும் கவனத்தை நிறுத்தும் பயிற்சியையோ, குற்றவுணர்வையும் கவலையையும் கையாளும் பயிற்சியையோ அளித்து, 2014-ல் முடிவுகளை வெளியிட்டனர். தொடக்கத்தில் அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மனச்சோர்வு நோய்க்கு உள்ளாகியிருந்தனர்; இரு பயிற்சிகளாலும் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன, உறக்கம் சீரானது. பயிற்சி தந்தவர்கள் மருத்துவர்கள் அல்லர், அதற்கென்று பழக்கப்பட்ட, அத்தகைய பிள்ளைகளை வளர்க்கும் தாய்மாரே. செலவு குறைந்த இம்முறையை மாவட்ட மருத்துவமனைகளும் சிறப்புப் பள்ளிகளும் மேற்கொள்ளலாம். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம் பிள்ளையைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற ஒருவரை அதே கட்டடத்தில் அமர்த்துவது முதலில் நடக்கவேண்டும். அது நடக்காவிட்டால், மிகுந்த தேவையுள்ள தாய்தான் முதல் வாரத்திலேயே வராமல் போவாள்.